தானாகப் பாடிய பெட்டி

என் கல்யாண ஆல்பத்தை எத்தனை தடவை புரட்டினாலும் அண்ணன் முழுதாக அகப்படமாட்டான். ஒரே ஒரு படத்தில், மாப்பிள்ளை விரலில் மைத்துனன் மோதிரம் போடும் கை தெரியும். அந்தக் கை அவனுடையது. முகம் மட்டும் பந்தல் மூலையைப் பார்த்துத் திரும்பியிருக்கும். கழுத்தில் ஹெட்போன் தொங்கும். பட்டுச் சட்டைக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வந்து மோதிரம் போட்ட மைத்துனன் இந்தப் புதுக்கோட்டை ஜில்லாவிலேயே அவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். "இருங்க, பாட்டு முடியப்போவுது" என்று சொல்லிவிட்டு ஓட்டமாக ஓடினான். அவனைப் பிடித்து நிறுத்தி ஒரு படம் எடுக்கப் போட்டோக்காரர் படாத பாடு பட்டார். கடைசிவரை நடக்கவில்லை.

என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன். கறம்பக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் மைக்செட் கடை வைத்திருந்தான். குழாய் ரேடியோவும் சீரியல் லைட்டுமாகத் தொடங்கியவன், பிற்பாடு டிஜே செட்டு வாங்கினான். இரண்டு பக்கமும் தட்டு மாதிரி சுழலுகிற சிடி பிளேயர், நடுவில் திருகுகளும் தள்ளுகட்டைகளுமாக மிக்ஸர். ஒரு பக்கத்தில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபக்கத்தில் அடுத்த பாட்டைப் போட்டு, ஹெட்போனை ஒற்றைக் காதில் அழுத்திக் கேட்டு, தாளம் இடறாமல் இதிலிருந்து அதற்கு மாற்ற வேண்டும். ஆடுகிறவர்கள் கால் நிற்கக் கூடாது. அதுதான் அவனுக்கு மானப் பிரச்சினை. ஆனால் ஒரு பாட்டின் நீளத்துக்கு மேல் அந்த இடத்தை விட்டு அவன் நகர முடியாது. சித்தப்பா வீட்டுக் கல்யாணம், பெரியம்மா மகள் வளைகாப்பு, எதிலும் அவன் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. செட்டுக்குப் பின்னால் நின்றபடியே ஒரு கையால் அள்ளிப் போட்டுக்கொள்வான். ஊரெல்லாம் அவன் பாட்டுக்கு ஆடும், அவன் ஆடி யாரும் கண்டதில்லை.

எங்கள் பக்கத்தில் மைக்செட் வைத்திருக்கிறவன் நல்லதுக்கும் போக வேண்டும், கெட்டதுக்கும் போக வேண்டும். ஒப்பாரிப் பாட்டுப் போடாத சாவு வீடு இப்போது எங்கே இருக்கிறது? மாரடித்து அழுகிற கிழவிகளுக்கும் தொண்டை வற்றிவிடுகிறது. மிச்சத்தைப் பெட்டிதான் அழ வேண்டியிருக்கிறது. அந்தச் சிடிகளையெல்லாம் அண்ணன் ஓர் உரச்சாக்குப் பையில் போட்டு மாட்டுக் கொட்டகை ஆணியில் மாட்டியிருப்பான். அந்தப் பை வீட்டுக்குள் வராது. சாவு வீட்டிலிருந்து திரும்பிய செட்டின் மேல் அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்த பிறகுதான் அது அடுத்த கல்யாணத்துக்கு வண்டி ஏறும். இதில் அவன் அம்மாவைவிடக் கறார். ஒருநாள் அவசரத்தில் யாரோ அந்தப் பையைக் கல்யாண வண்டியில் தூக்கிப் போட்டதற்கு, பாதி வழியில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

எனக்கு மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கையில் வாங்கியதும், தங்கையான என்னையும் ஆத்தா என்றே கூப்பிடுகிற அவன் என்னிடம் சொன்ன முதல் பேச்சு இதுதான்: "ஆத்தா, இவ காதுகுத்துக்கு நான் செட்டுக்குப் பின்னாடி நிக்க மாட்டேன். மடியில வச்சு உக்காந்திருப்பேன், பாத்துக்க." தாய்மாமன் மடியில் உட்கார்ந்துதான் பிள்ளை காது குத்திக்கொள்ள வேண்டும். அதற்கு அவன் பாட்டை விட்டு வர வேண்டுமே. வேறு யாரையாவது செட்டுக்கு வை என்று நான் சொன்னால், "தங்கச்சி வீட்டு விசேசத்துக்கு அடுத்தவன் செட்டா? நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாகலாம்" என்று கோபம் வரும். மடியும் வேண்டும், செட்டும் தன்னுடையதாக இருக்க வேண்டும். இரண்டு ஆசையும் ஒரே ஆளுக்கு எப்படி நடக்கும் என்று அவன் இரண்டு வருஷம் யோசித்திருக்கிறான்.

அதற்கு விடையாக வந்ததுதான் அந்த லேப்டாப். புதுக்கோட்டையில் ஒருவர் பழைய செட்டை எடுத்துக்கொண்டு மாற்றாகக் கொடுத்தார். பாட்டுகளை வரிசையாகக் கோத்துப் பட்டியல் போட்டுவிட்டால் போதும். ஒன்று முடிவதற்குள் அடுத்ததைத் தாளம் பார்த்து அதுவே சேர்த்துவிடும், பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை. அன்றைக்கு போனில் அவன் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. "ரெண்டு கையும் சும்மா இருக்கு ஆத்தா! என்ன செய்றதுன்னே தெரியல!" என்றான். வீட்டிலிருந்த அத்தனை சிடியையும் உட்கார்ந்து அதற்குள் ஏற்றினான், கொட்டகையில் தொங்கிய பை உட்பட. அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "ரெண்டையும் ஒரே பொட்டிக்குள்ளயாடா வைக்கிற?" என்று கேட்டார். "உள்ள தனித்தனியாத்தாம்மா இருக்கு. நல்லதுன்னு ஒண்ணு, கெட்டதுன்னு ஒண்ணு. நடுவுல சொவரு இருக்கு" என்று அண்ணன் அடித்துச் சொன்னான். அம்மா சமாதானமாகிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத சுவர்தானே என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

காதுகுத்து என் புகுந்த ஊரில், அன்னவாசலுக்குப் பக்கத்தில். வளைகுடா நாட்டில் வேன் ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் லீவு போட்டு வந்திருந்தார். விடியும்போதே அண்ணன் வந்து தெரு முழுக்க ஸ்பீக்கர் கட்டி, லேப்டாப்பில் பாட்டைத் தொடங்கிவிட்டு, யாரும் கை வைத்துக் குழப்பிவிடக் கூடாது என்று அதைப் பூட்டியும் வைத்தான். நான் எட்டிப் பார்த்தேன். திரையில் ரகசிய எண் கேட்கும் கட்டம் மட்டும் நின்றது. உள்ளே பாட்டு அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அவன் குளித்து, பட்டு வேட்டி கட்டி, ஊர் எல்லைக்குப் போனான். தாம்பாளத் தட்டுகளும் மேளமும் வெடியுமாகத் தாய்மாமன் சீர் அங்கிருந்து கிளம்பி வந்தது. முன்னால் என் அண்ணன், கழுத்தில் மாலை. ஹெட்போன் இல்லாத அந்தக் கழுத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

பந்தலுக்கு நேராக வந்ததும் என் வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்து இழுத்து நடுவில் விட்டார். "மச்சான், ஒங்க பாட்டுக்கு ஒரு நாளாச்சும் நீங்க ஆடுங்க" என்றார். முதலில் வெட்கப்பட்டான். அப்புறம் ஆடினானே ஓர் ஆட்டம்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாலை பிய்ந்து பூ உதிர, தட்டு ஏந்தி வந்த பெண்கள் கை வலிக்கிறது என்று கத்தும் வரை ஆடினான். ஒரு பாட்டு முடிந்து இன்னொரு பாட்டு, அது முடிந்து இன்னொன்று. நின்று பார்த்துக்கொண்டிருந்த எங்களில் யாருக்கும் அவனை நிறுத்த மனம் வரவில்லை. சீர் வந்து இறங்கக் குறித்திருந்த நேரம் எப்போதோ கடந்துவிட்டது. அவன் போட்டு வைத்த பட்டியலும் அந்த நேரக் கணக்கை வைத்து, காதுகுத்து முடிகிற வரைக்கும்தான் போட்டது.

பிள்ளைக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசிக் கொண்டுவந்து மடியில் உட்கார வைத்தோம். ஆசாரி ஊசியை எடுத்தார். ஊசி ஏறியதும் பிள்ளை வீறிட்டது. அந்த வீறலோடு சேர்ந்து இன்னொரு அழுகையும் கேட்டது. பிள்ளைதான் அழுகிறது என்று ஒரு கணம் நினைத்தேன். பிறகுதான் அது தெரு முழுக்கக் கேட்பதைக் கவனித்தேன். புருஷனைப் பறிகொடுத்த ஒருத்தி, என்னை யார் கையில் கொடுத்துவிட்டுப் போனீர்கள் என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு பாடுகிறாள். பட்டியல் தீர்ந்ததும் பெட்டி நிற்கவில்லை; உள்ளே கிடந்ததில் தாளம் ஒத்து வந்த ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டது. நிறுத்தாமல் பாடச் சொல்லியிருந்தான், அது பாடியது. நல்லது, கெட்டதெல்லாம் அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அண்ணன் முகத்தை நான் பார்த்தேன். அவனால் எழுந்திருக்க முடியவில்லை. பிள்ளையின் காதில் ஊசி பாதியில் நிற்கிறது, தலையை அசையாமல் பிடித்திருப்பது அவன் கை. "நிறுத்துங்க! யாராச்சும் நிறுத்துங்க!" என்று கத்தினான். ஓடிப்போனவர்கள் கண்ட பொத்தானையெல்லாம் அழுத்தினார்கள். பெட்டி ரகசிய எண்ணைக் கேட்டது. அவன் எண்ணைக் கத்தினான். அந்தச் சத்தத்தில் யாருக்கும் காதில் ஏறவில்லை. லேப்டாப் ஒயரைப் பிடுங்கினார்கள், பேட்டரியில் பாடியது. பழைய செட்டாக இருந்தால் ஒரு திருகு, அவ்வளவுதான். எந்தப் பிள்ளையும் திருகிவிடும். மேசைக்கு அடியில் இருந்த ஆம்ப்ளிஃபயர் பக்கம் யார் கண்ணும் போகவில்லை. கடைசியில் என் வீட்டுக்காரர்தான் ஓடிப்போய் ஜெனரேட்டரை அணைத்தார். தெருவே அமைதியாகிவிட்டது. மாமியார் சேலை முந்தியால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். எல்லோரும் உறைந்து நின்றதைப் பார்த்து, என் வீட்டுக்காரர்தான் சிரித்தபடி சூழ்நிலையை மாற்றப் பார்த்தார். "புருசன் போயிட்டான்னுதான அழுவுறா? நான் இங்கிட்டுத்தான நிக்கிறேன். மச்சான், விடுங்க" என்றார். நல்ல மனுஷன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

லீவு முடிந்து போனார். மழைக்காலம் முடிவதற்குள் பெட்டியில் வந்தார். அங்கே வேன் கவிழ்ந்துவிட்டது. அவரோடு அதில் போன வேறு சிலரும் போய்விட்டார்கள். எத்தனையோ தடவை இதை நான் சொல்லிப் பார்த்துவிட்டேன்: செத்துப்போன மற்றவர்கள் வீட்டில் என்ன பாட்டுப் போட்டார்கள்? அவர்கள் பிள்ளைகளின் காதுகுத்தில் யார் ஒப்பாரி வைத்தது? பாட்டு ஆளைக் கொல்லும் என்றால் இந்த ஜில்லாவில் ஒரு தலை மிஞ்சுமா? ஆனால் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து மாமியார் அழுத அழுகையில், "வாசல்ல வச்சே பாடி அனுப்பிட்டானே, எஞ்சாமியப் பாடி அனுப்பிட்டானே" என்பது வந்துவிட்டது. பெற்ற வயிறு, என்னத்தையாவது பிடித்துக்கொண்டு அழ வேண்டுமே. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் அண்ணன் பிறந்த வீட்டுக் கோடித் துணியோடு வாசலில் வந்து நின்றான். தாலியறுக்கும் தங்கைக்குப் புதுச்சேலை போர்த்த வேண்டியவன் அவன்தானே. முழுவதும் கேட்டான். என் தோளில் சேலையைப் போட்டபோது அவன் கை என்மேல் படவேயில்லை, சேலை மட்டும்தான் விழுந்தது.

அதோடு அவன் என் வாசலுக்கு வரவில்லை. கடையை மூடினான். ஸ்பீக்கர், பந்தல் சாமான் எல்லாம் போன இடம் தெரியாது. லேப்டாப்பை என்ன செய்தான் என்று நான் கேட்கவுமில்லை. ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் பிளான்ட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக அம்மா சொன்னார். வருஷங்கள் ஓடின. போன் செய்தால் எடுப்பான். "நல்லாருக்கியா, பிள்ள நல்லாருக்கா" இரண்டே கேள்வி. திருவிழாவுக்குக்கூட அன்னவாசல் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போகிறவனை என்ன செய்ய?

போன மாதம் மகள் பெரியவளானாள். அவள் தனியாக உட்காரக் கீற்றுக் குச்சு கட்டவும் முதல் சீர் கொண்டுவரவும் தாய்மாமன் வேண்டும். "ஒன் சின்னய்யா மகன் ஒருத்தன் இருக்கான்ல, அவனக் கூப்புடு. இவன் வேண்டாம்" என்று மாமியார் சொல்லிவிட்டார். சாமியாடி வந்து சொன்னாலும் கேட்க மாட்டேன் என்று நான் ஜெகதாப்பட்டினத்துக்குப் பஸ் ஏறினேன். ஐஸ் உடைக்கிற மெஷின் போடும் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே கேட்காது. அந்த இரைச்சலுக்கு நடுவில், ரப்பர் பூட்ஸும் ஈரக் கைலியுமாக என் அண்ணன் நின்றான். தலை முழுக்க நரைத்திருந்தது. பாட்டே காதில் விழாத இடமாகப் பார்த்து வந்து ஒளிந்திருக்கிறான் என்று பார்த்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது.

"அண்ணே, ஒன் மருமக குந்தியிருக்கா. நீ வந்து குச்சு கட்டு" என்றேன்.

"நான் வேண்டாம் ஆத்தா. என் காலடி அங்கிட்டுப் படவேண்டாம்."

"அறிவுகெட்டதனமாப் பேசாதண்ணே. வேன் கவுந்து செத்தாரு அவரு."

"எல்லாம் தெரியும். எனக்குத் தெரியாதா?" என்றான். பிறகு தன் இரண்டு கையையும் பார்த்தான். "தெரிஞ்சு என்ன செய்ய? நான் ஆடிக்கிட்டு நின்னேன். பொட்டிய விட்டுட்டு நான் ஆடிக்கிட்டு நின்னேன்."

அழுதேன், திட்டினேன், காலில் விழப்போனேன். எனக்குப் போக்கிடம் வேறு ஏது? "அந்தப் பாட்டு எனக்குத்தான்னு நீ நம்புறேல்ல? அப்ப எனக்காக அழுவ நீ வரணுமா வேண்டாமா? அவரு போயி இத்தன வருசமா நான் ஒத்தையில அழுவுறேனேண்ணே" என்றேன். அவன் வாய் கோணிக்கொண்டு வந்தது. ஆனால் முடியாது என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டான். மறுநாள் பஸ்ஸில் ஆள் மூலம் சேலையும் தங்கத் தோடும் வந்து சேர்ந்தன. தூக்கிக் கிணற்றில் எறியலாம் போலிருந்தது.

சடங்கு அன்றைக்கு அந்தச் சின்னய்யா மகன்தான், என் சித்தப்பா பையன்தான், மாலை போட்டுக்கொண்டு நின்றான். நான் எங்கே நின்றேன் என்கிறீர்களா? கொல்லைப்புறத்தில், கழுவப் போட்ட அண்டாக்களுக்கு நடுவில். தாலியில்லாதவள் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரம் முன்னால் நிற்கக் கூடாதாம். பெற்றவளாக இருந்தாலும் கூடாதாம். யாரும் கடுமையாகச் சொல்லவில்லை. "கொஞ்சம் அங்கிட்டு இரும்மா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். அந்த அன்புதான் தாங்க முடியவில்லை. தாய்மாமன் இல்லை, அப்பன் இல்லை, ஆத்தாளும் கொல்லையில். என் பிள்ளைக்கு அங்கே யார் இருந்தார்கள்? போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டேன்.

இரைச்சல் கேட்டது. எடுத்துவிட்டான். நான் போனை வீட்டுப் பக்கம் நீட்டினேன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, இடையிடையே குலவைச் சத்தம். பிறகு அந்தப் பக்கத்து இரைச்சல் குறைந்தது. வெளியே வந்துவிட்டான் போல. "கேக்குதாண்ணே?" என்றேன். "ம்" என்றான். "யாரு செட்டு?" என்று கேட்டான். பக்கத்து ஊர்க்காரர் என்றேன். உடனே அவன் குரலே மாறிவிட்டது. "லேப்டாப்பா? ஆத்தா, அதுக்கு முன்னாடி ஆள் நிக்குதா? பாரு. எட்டிப் பாரு!"

சந்து வழியாக எட்டிப் பார்த்தேன். பந்தல் ஓரத்து மேசையில் பெட்டி மட்டும் இருந்தது. ஆள் இல்லை, செட்டுக்காரர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதுதான் தாமதம், அண்ணன் வாய்விட்டுக் கத்தினான்: "போயி நில்லு! என்னத்தப் பாத்துக்கிட்டிருக்க, ஓடு ஆத்தா! சத்தத்தக் கொறைக்கிற திருகு எதுன்னு பாத்து அதுமேல கைய வச்சுக்க!"

ஓடினேன். கூடாது என்றவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு, மகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்களைத் தாண்டி, பந்தல் நடுவாகவே ஓடினேன். மேசைக்கு முன்னால் போய் ஆம்ப்ளிஃபயர் திருகின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன். ஒரு பாட்டு முடிந்தது; என் உயிர் என் கையில் இல்லை. அடுத்த பாட்டு வந்தது. நல்ல பாட்டுத்தான். மாமியார் குடத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். கை எதன்மேல் இருக்கிறது என்று பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. திரும்பிப் பேத்தியின் தலையில் தண்ணீரை ஊற்றினார். நனைந்த முகத்தோடு மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

காதோடு வைத்திருந்த போனில் அண்ணன் ஒவ்வொரு பாட்டு முடியும்போதும், "நிக்கிறியா? அங்கதான நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டேயிருந்தான். நிற்கிறேன், நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டேயிருந்தேன். ஆரத்தி எடுத்து முடிந்ததும், "முடிஞ்சிருச்சுண்ணே. ஒண்ணும் ஆகல" என்றேன். அந்தப் பக்கம் அவன் அழுதான். என் புருஷன் பிணத்துக்கு முன்னால்கூட அழாதவன், ஐஸ் பிளான்ட் வாசலில் நின்று பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். அழட்டும் என்று போனைக் கட் பண்ணாமல் நின்றேன். "இப்பவாச்சும் வாண்ணே" என்றேன். அவன் வரவில்லை. இன்றைக்கு இதை எழுதுகிற வரைக்கும் வரவில்லை. மகளுக்கு நாளைக்கு ஒரு கல்யாணம் வரும், அப்போதும் எவனோ ஒருத்தன் பெட்டியைப் பாட விட்டுவிட்டுச் சாப்பிடப் போவான். நான் போய் நின்றுகொள்வேன், இனி என்னை யாரும் தடுக்க முடியாது. ஆனால் மணவறையில் தாய்மாமனாக அவள் பக்கத்தில் நிற்க வேண்டிய ஆளை எங்கே போய்க் கூட்டிவருவேன்?